சோகமெல்லாம் இல்லம்மா

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. பெரியப்பா மகள் சொன்னது. நாடு முழுக்க வீடு வீடாகப் போய், எத்தனை பேருக்கு மனம் நோயுற்றிருக்கிறது என்று ஒரு காலத்தில் கணக்கெடுத்தார்கள். அக்கா அதில் வேலை பார்த்தாள். வீட்டில் அவளுக்குக் 'கேள்விக்காரி' என்றே பெயர். அந்த நாட்களைத் தொட்டால் போதும், இன்றும் அவள் குரல் இளமையாகிவிடும்.

2

'வெயில் கொளுத்திக்கொண்டிருந்த' என்று தொடங்கினேன். "அன்னைக்கு மழைடா" என்றாள். (அடித்துவிட்டேன்.)

மழை. ஒரு வீட்டில் ஒருவரைத்தான் கேட்கலாம், அதுவும் குலுக்கலில் விழுந்தவரை. அந்த வீட்டில் விழுந்தது பஸ் டிரைவருக்கு.

"அவரையா? கல்லு மாதிரி ஆளு. என்னைக் கேளுங்க, மூட்டை மூட்டையா சொல்றேன்" என்று சிரித்துவிட்டு, அவர்கள் தனியாகப் பேசட்டும் என்று மனைவி மாடிப்படிக்குப் போனாள்.

தொடர்ந்து இரண்டு வாரம் சோகமாக இருந்ததுண்டா என்று அக்கா கேட்டாள்.

"சோகமெல்லாம் இல்லம்மா. வண்டி ஓடுது. ஓட்டுறது நான்தானான்னுதான் தெரியல."

சோகத்தை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்றே இன்னொரு கேள்வி வைத்திருந்தார்கள்: எதிலுமே பிடிப்பில்லாமல் போனதுண்டா?

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "ஆமா."

3

(இவ்வளவு அழகாகவா ஒரு டிரைவர் பேசுவார்? எனக்குச் சந்தேகம். "நீ எழுதுறதுலதான் அழகா இருக்கு. அவரு திக்கித் திக்கித்தான் சொன்னாரு" என்றாள் அக்கா.)

அடுத்த கேள்வி, உயிரோடு இருக்கவே பிடிக்காமல்... இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் ஆமென்று தலையாட்டினார்.

அக்கா கேள்விகளை நிறுத்தினாள். "அண்ணே, எங்க டாக்டர்கிட்ட இப்பவே பேசுறீங்களா?"

"அவளுக்குத் தெரிய வேணாம்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா நல்லது."

போனில் டாக்டரைப் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வருவதாக டிரைவர் ஒப்புக்கொண்டார்.

வாசலில் மனைவி குடையை நீட்டினாள். "என்ன சொன்னாரு?"

அக்கா குடையை வாங்கிக்கொண்டாள். "அவரையே கேளுங்க அண்ணி. விடாம கேளுங்க."

4

அவர் வரவில்லை என்று முதலில் எழுதினேன், கிழித்தேன். தனியாக வந்தார் என்று...

நடந்தது இது. காலையில் இருவருமே வந்தார்கள். மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன. டாக்டரைப் பார்த்துத் திரும்பும்போது அக்கா பஸ் ஸ்டாப் வரை கூடப் போனாள். அவர் ஓட்டும் பஸ்ஸே வந்தது, வேறு டிரைவரோடு. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார், மனைவி பக்கத்தில்.

"அப்புறம் என்னக்கா ஆச்சு?"

"தெரியலடா. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் போவோம். பஸ் கெளம்புற வரைக்கும் அவ பேசிட்டே இருந்தா. அவரு ரோட்டைப் பாக்கல, அவளைத்தான் பாத்துட்டிருந்தாரு."

அந்த பஸ்ஸில் அக்காவும் இல்லை, நானும் இல்லை. பின்சீட்டில் இடம் இருக்கிறது. நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.