பூட்டில் யேசுராஜின் முகம்

எங்கள் தொழிற்சாலையில் பயபக்தியோடு வணங்கப்படுவது ஒரு பலகை. ஒரகடத்தில் தகட்டை பிரஸ்ஸில் அடித்துக் கார் கதவு செய்கிற கம்பெனி. கேட்டைத் தாண்டியதும் அந்தப் பலகை நிற்கும். 'விபத்தில்லாத நாட்கள்' என்ற எழுத்து, பக்கத்தில் சிவப்பு விளக்கில் ஓர் எண். அந்த எண் ஆயிரத்தைத் தொடவிருந்த வாரத்தில் நடந்தது இது.

ஆயிரமாவது நாள் ஒரு திங்கட்கிழமை. எச்.ஆர். மேனேஜர் இராமச்சந்திரன் 'மாபெரும் பாதுகாப்புப் பெருவிழா' என்று அழைப்பிதழ் அடித்திருந்தார். பெருவிழா என்றாலே பெரியதுதான். அது போதாதென்று முன்னால் ஒரு மாபெரும். விழாவில் 'பாதுகாப்புச் செம்மல்' என்ற பட்டம் வாங்க இருந்தவன் அடியேன், பகலவன், மெயின்டனன்ஸ், வயது ஐம்பத்தொன்று. ஊரில் யாருக்குப் பட்டம் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தவன், எனக்கு என்றதும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன். பேச்சும் தயார். தலைப்பு: 'நம்பாதே, சோதித்துப் பார்.'

என் பெயரிலேயே விஷயம் தெரிந்திருக்கும். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டுக் காலண்டரில்கூடச் சாமி படம் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக எனக்கு ஜோடியாக வேலை செய்கிற யேசுராஜோ படப்பைக்காரன், கத்தோலிக்கன். ஜெபமாலை இல்லாமல் டீ குடிக்கக்கூடப் போகமாட்டான். நான் அவனை 'பிஷப்பே' என்பேன். அவன் என்னைத் 'தோழரே' என்பான். இரண்டுமே மரியாதைக்காகச் சொன்னதில்லை.

பிரஸ்ஸுக்குள் இறங்கி வேலை செய்வதற்கு ஒரு முறை உண்டு. எண்ணூறு டன் விசையோடு இறங்குகிற இரும்பு தலைக்கு மேல் தொங்கும். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவனும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டைப் போடவேண்டும். பூட்டில் ஓர் அட்டை தொங்கும். அதில் அவனுடைய போட்டோ. கீழே, 'நான் உள்ளே இருக்கிறேன். தொடாதே.' சாவி அவன் பாக்கெட்டில் மட்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. கடைசிப் பூட்டைக் கழற்றும்வரை மெஷினைக் கம்பெனி முதலாளியே வந்தாலும் ஓட்ட முடியாது.

யேசுராஜ் பூட்டுப் போட்ட பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு அரை நிமிஷம் நிற்பான்.

"இன்னா பிஷப்பே, பூட்டு மேல நம்பிக்கை இல்லியா?"

"பூட்டு மிஷினுக்கு. ஜெபம் எனக்கு."

"அப்ப ஜெபம் மட்டும் பண்ணிட்டு உள்ள போயேன், பார்ப்போம்."

"நான் போய்டுவேன். அப்புறம் உன்கிட்ட மாரடிக்க வேற ஆளு யாரு கீறாங்க? பாவம்னு பூட்டு போடறேன்."

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தில் அவன் கறி தொடமாட்டான். முதல் வருஷம் கேன்டீனில் வேண்டுமென்றே அவன் எதிரில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்தேன். "நல்லா சாப்புடு தோழரே, உன் பங்கு பாவத்தையும் சேர்த்து நானே பட்டினி கெடக்கிறேன்" என்றான். மூன்றாவது வருஷத்திலிருந்து தபசு கால வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும். தயிர்சாதம் வாங்குவேன். அவன் ஒன்றும் கேட்டதில்லை. எங்கள் இயக்கக் கூட்டம் இருக்கிற நாட்களில் என் ஷிஃப்ட்டை அவன் பார்த்துக்கொள்வான். நானும் ஒன்றும் கேட்டதில்லை.

பெரிய வெள்ளி அன்று கம்பெனிக்கு வேலை நாள். யேசுராஜ் ஒன்றரை மணிக்குப் பெர்மிஷன் வாங்கியிருந்தான். மூன்று மணிக்குப் படப்பைக் கோயிலில் சிலுவை ஆராதனை. செருப்பைக் கழற்றி, முட்டி போட்டுச் சிலுவையை முத்தமிடுவதை 'முத்தி செய்வது' என்பார்கள். வருஷத்தில் அவன் விடாத ஒன்று அது.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் வேலையை ஒன்றேகாலுக்கு முடித்தோம். என் பூட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினான். "தோழரே, உனக்கும் சேர்த்து வேண்டிக்கட்டா?" என்றான். "எனக்கு வேணாம், உன் பைக்குக்கு வேண்டிக்கோ, ஒழுங்கா ஸ்டார்ட் ஆகட்டும்" என்றேன்.

கால் மணி நேரம் கழித்துத்தான் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம் என்று பார்த்தேன். உள்ளேயே வைத்துவிட்டோம். பிரஸ் இறங்கினால் அச்சு பாழ். பின்பக்கக் கதவைத் திறந்து இறங்கினேன். பூட்டுப் போட்டேனா? இல்லை. அரை நிமிஷ வேலைதானே. சுவிட்சைப் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. 'நம்பாதே, சோதித்துப் பார்' என்பது மேடைக்கு வைத்திருந்த வாக்கியம்.

அச்சின் மேல் குனிந்து ஸ்பேனரை எடுக்கும்போது வெளியே சூப்பர்வைசர் தாண்டவராயன் போனில் யாரிடமோ பேசுகிற குரல் கேட்டது.

"வேலை முடிஞ்சுது சார், ஓட்டிடலாம். ஒரு அடி அடிச்சுப் பார்த்துட்டு லைனுக்குக் குடுத்துடறேன்."

கைப்பிடி திரும்புகிற சத்தம். 'டக்'. திரும்பவில்லை. மறுபடி 'டக்'.

"எவன்டா இது! யேசுராஜ் பூட்டு கீதுடா இங்க! சாவியை எடுத்துகினு போய்ட்டான்டா கோயிலுக்கு!"

என் தலைக்கு மேல் எண்ணூறு டன். என் பூட்டு என் பாக்கெட்டில். எனக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் இருந்தது, அவசரத்தில் யேசுராஜ் கழற்ற மறந்த ஒரு சிவப்புப் பூட்டு. அதில் அவன் போட்டோ, அசட்டுச் சிரிப்போடு, 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று பச்சைப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு பத்து நிமிஷம் ஸ்பேனரைக் கீழே வைக்க முடியவில்லை. விரல் பிரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது கம்பெனிக் கூத்து. யேசுராஜின் போன் அணைந்திருந்தது. ஆள் இல்லாத பூட்டை வெட்டப் படிவம் உண்டு. மூன்று கையெழுத்து வேண்டும். ஒருவர் ஷாமியானா பார்க்கப் போயிருந்தார், ஒருவர் கேக்கின் மேல் எழுதவேண்டிய வாசகம் பற்றிய மீட்டிங்கில் இருந்தார். லைன் நின்றது. நாலரை மணிக்குக் கையெழுத்துகள் சேர்ந்து, கட்டரைக் கையில் எடுத்தபோது யேசுராஜ் ஓடி வந்தான். வெறுங்காலோடு.

"சிலுவைகிட்ட போய் முட்டி போடறேன், பாக்கெட்ல சாவி தொடையைக் குத்துது. அப்பத்தான் சார் தெரிஞ்சுது. அப்படியே எழுந்துட்டேன். செருப்பைத் தேடல. பைக் வேற ஸ்டார்ட் ஆவல, ஷேர் ஆட்டோல வந்தேன்."

"முத்தி பண்ணியா?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"எங்க... எனக்கு முன்னால ஒரே ஒரு ஆளுதான்" என்றான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. பூட்டை மறந்தது அந்த வருஷத்தில் அவனுக்கு இரண்டாவது முறை. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை வேலை நீக்கம். அதுதான் விதி. நாற்பத்தேழு வயதில் வெளியே போனால் இந்த ரோட்டில் எந்தக் கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். அதைவிட அழகு, பாதுகாப்புக் கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் அந்த உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டியவன் நான்.

இராமச்சந்திரன் தாளை என் பக்கம் தள்ளினார். 'மத நம்பிக்கை காரணமாகப் பணியில் ஏற்பட்ட கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. இருபது வருஷமாக நான் துண்டறிக்கையில் எழுதிவந்த வாக்கியம். கம்பெனி லெட்டர்ஹெட்டில், இலவசமாக.

யேசுராஜ் என்னைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்," என்றேன், "தாண்டவராயன் சுவிட்சைத் திருப்புனப்ப நான் உள்ள இருந்தேன்."

தாண்டவராயன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியைத் திருப்பிய கையை மறுகையால் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனர், அரை நிமிஷம், பாக்கெட்டில் இருந்த என் பூட்டு. சொல்லி முடித்ததும் இராமச்சந்திரனின் கண் ஜன்னல் பக்கம் போனது. அங்கிருந்து பலகை தெரியும். 998.

"பகலவன்," அவர் குரலில் திடீரென்று பக்தி ஏறியது, "இது தெய்வச் செயல். கடவுளே வந்து உங்களைக் காப்பாத்தியிருக்கார். இதைப் போய் எழுதிக்கிட்டு... யேசுராஜுக்கு வாய்மொழியா ஒரு எச்சரிக்கை. நீங்க திங்கட்கிழமை மேடைக்கு வாங்க. எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் நல்லதுதான். அவன் வேலை அவனுக்கு, என் பட்டம் எனக்கு, ஆயிரம் அவர்களுக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் யேசுராஜ் எழுந்துவிட்டான்.

"சார், மன்னிச்சுக்கணும். ஆண்டவர் பேரைச் சொல்லி இதை மூடாதீங்க."

"நீயே இப்படிச் சொல்லலாமா? உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு கீது சார். அது எனக்கும் அவருக்கும். ஆனா அந்தப் பின்கதவைத் தொறந்தா மிஷின் தானா நிக்கிற மாதிரி ஒரு சுவிட்சு வைக்கச் சொல்லி ரெண்டு வருஷமா இந்த மனுசன் எழுதி எழுதிக் குடுக்கிறாரு. சாமி காப்பாத்துச்சுன்னு எழுதிட்டா அதை எவன் வைப்பான்? அடுத்த தபா சாவியை மறக்கறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

ஒரு கடவுள் நம்பிக்கைக்காரன், கையில் கொடுத்த அற்புதத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன். என் தரப்பிலிருந்தும் ஏதாவது கொடுக்கவேண்டாமா? பேனாவை எடுத்து, 'மத நம்பிக்கை காரணமாக' என்ற மூன்று சொற்களையும் அடித்தேன்.

"பெர்மிஷன் வாங்கிட்டுத்தான் போனான் சார். சாவியை மறந்தான், அதை எழுதுங்க. எங்க போனான்கிறது இதுக்குத் தேவையில்லை. நான் பூட்டு போடலை, அதையும் எழுதுங்க. அந்தச் சுவிட்சையும் எழுதுங்க. இல்லைன்னா நான் வெளியில எழுதுவேன். எழுதறது எனக்குப் பழக்கம்."

எழுதினார்கள். யேசுராஜுக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன், கமிட்டியிலிருந்து நீக்கம். ரத்தம் வரவில்லை என்பதால் பலகையின் எண் இறங்கவில்லை, விழா நடந்தது. பாதுகாப்புச் செம்மல் பட்டம் தாண்டவராயனுக்கு. பூட்டைக் கண்டதும் நிதானித்து நின்றாராம். பிறகு எனக்கு அவரே கேக் கொண்டுவந்து கொடுத்தார். 'பாது' என்ற எழுத்து இருந்த துண்டு. சுவிட்சு ஒரே மாதத்தில் வந்தது.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் யேசுராஜிடம் நன்றி சொல்ல நின்றேன்.

"எனக்குச் சொல்லாதே," என்றான்.

"உங்க ஆளுக்குச் சொல்ல மாட்டேன்."

"பின்ன யாருக்குச் சொல்லுவ? பூட்டுக்கா?"

"ஆமா, பூட்டுக்குத்தான்."

"சரி, சொல்லிக்க. அதுல என் மூஞ்சிதானே கீது."

இந்த வருஷம் பெரிய வெள்ளி அன்று மத்தியானம் ஒன்றேகாலுக்கு அவன் பாக்கெட்டை நானே தடவிப் பார்த்தேன். பூட்டைக் கழற்றிய பிறகும் நம்பாமல், பூட்டு, சாவி இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவனை என் பைக்கின் பின்னால் ஏற்றிப் படப்பைக்குக் கொண்டுபோனேன். கோயில் வாசலில் ஒரு அம்மா, "உள்ள வாங்க தம்பி, வெயில்ல நிக்கிறீங்களே" என்றார். "இல்லம்மா, செருப்புக்குக் காவல்" என்றேன். போன வருஷம் விட்டுப்போன ஜோடி திரும்பக் கிடைக்கவே இல்லை என்று யேசுராஜ் ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தான்.

உள்ளே பாட்டு. வரிசை மெதுவாக நகர்ந்தது. ஜன்னல் வழியாக அவன் முட்டி போடுவது தெரிந்தது. ஒரு தடவை, நகர்ந்து மறுபடி, மூன்றாவது தடவை சிலுவையின் காலடியில் குனிந்து எழுந்தான். என் கையில் அவன் பூட்டு சூடேறிக் கிடந்தது. அட்டையிலிருந்து அதே அசட்டுச் சிரிப்பு. சுற்றிலும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், அதனிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

வெளியே வந்தவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "பயப்படாதே தோழரே, உனக்காக ஒண்ணும் வேண்டிக்கல" என்றான்.

"பின்ன இன்னா பண்ணே, அவ்ளோ நேரம்?"

"வெளிய நிக்கிறான்னு சொன்னேன். அவ்ளோதான்."

"சரி, ஏறு. கம்பெனிக்கு லேட்டாவுது."