பத்து மணி ரவுண்டு

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கும் கோட்டை மேட்டுக்கும் சேர்த்து ஒரே காவலாள் பூபதி. காட்டூரிலிருந்து ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்து வேலைக்கு வருவான். வந்த பிறகும் அதே சைக்கிள்தான். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை இரண்டு இடங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலை பத்து மணி ரவுண்டில், கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் ஒருவன் கடப்பாரையால் மண்ணைக் குத்திக்கொண்டிருப்பதைப் பூபதி பார்த்தான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

"இன்னா பண்றே? இங்க தோண்டினா ஜெயிலு, தெரியுமா?"

அவன் நிமிர்ந்தான். லைட்ஹவுஸ் குப்பத்துச் சடையன். பக்கத்துக் கல்லின் மேல், மழை படாமல் தார்ப்பாயால் மூடிய ஒரு வெள்ளைத் துணி மூட்டை இருந்தது. ஒரு முழ நீளம்கூட இல்லை.

"பொண்ணுண்ணா. நேத்து பொறந்தா, ராத்திரியே பூட்டா. என் பொண்டாட்டி முத்தம்மா இன்னும் பொன்னேரி ஆஸ்பத்திரியில கீறா. எங்க சுடுகாட்டுல இடுப்பளவு தண்ணி. இங்கயும் கொழந்தைங்க கல்லறை கீதுன்னு சொன்னாங்க. அதுங்களோட ஒண்ணா இருக்கட்டும்னு வந்துட்டேன்."

தோட்டத்துக்குள் யார் தோண்டினாலும் உடனே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. பூபதி போனை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மறுபடியும் பைக்குள் போட்டான்.

"குழியை மூடு தம்பி. இங்க வேணாம். எங்க நெலம் மேட்டுல கீது, தண்ணி நிக்காது. ஏறு."

சடையன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தான். தூறலில், ரோட்டில் நின்ற தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பூபதி மிதித்தான். பாலம் ஒன்றின் ஏற்றத்தில் மட்டும் சடையன் இறங்கி, குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்து வந்தான்.

நெல் வயலில் தண்ணீரை வடித்துவிட்டுக்கொண்டிருந்த தேவகி, வேலை நேரத்தில் புருஷனைக் கண்டு பயந்துபோய் வந்தாள். அவன் விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது.

"நாம பயிர் வெக்கிற நெலமாச்சே. ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்."

அவள் சடையனின் கைகளைப் பார்த்தாள். குளிரில் அவை விறைத்துப்போயிருந்தன. பிடி மட்டும் தளரவில்லை.

"பேரு வெச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. கஸ்தூரின்னு கூப்புடணும்னு முத்தம்மா சொல்லிக்கினு இருந்தா."

தேவகி வீட்டுக்குப் போய்ப் பால் கொண்டுவந்தாள். மேட்டு வரப்போரம் இரண்டு ஆண்களும் குழி வெட்டினார்கள். மண்ணை மூடிய பிறகு, "கஸ்தூரி, போய் வாம்மா" என்று சொல்லி அவள்தான் பால் ஊற்றினாள். அதுவரை அழாமல் இருந்த சடையன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பூபதி திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. நோட்டில் பொய்க் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. 'பத்து மணி ரவுண்டு பாதியில் நின்றது. பன்னிரண்டு மணி ரவுண்டு போகவில்லை. ஒரு அடக்கத்துக்குப் போனேன்' என்று எழுதினான்.

திங்கட்கிழமை வந்த மேற்பார்வையாளர் அதைப் படித்தார்.

"யாரு செத்தது? சொந்தமா?"

"கஸ்தூரின்னு ஒரு பொண்ணு சார். எங்க நெலத்துலதான் பொதைச்சோம்."

அவர் நோட்டை மூடினார். சொல்லாமல் வேலையை விட்டுப் போனதற்கு மெமோ மட்டும் கொடுத்தார். பூபதி வாங்கிக்கொண்டான்.

தை மாதம் குப்பத்துச் சுடுகாட்டில் தண்ணீர் வடிந்ததும் சடையன் முத்தம்மாளைக் காட்டூருக்கு அழைத்து வந்தான். குழந்தையைக் குப்பத்துக்கே கொண்டுபோய்விடலாமா என்று அவளைக் கேட்டான். அவள் வரப்பில் உட்கார்ந்து, அறுப்புக்கு நின்ற நெல்லை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம். இங்கியே இருக்கட்டும்," என்றாள்.

தேவகி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.