கினுயோவின் கடைக்குள் இறங்கிய வரிசை

ஒசாகாவின் ஜூசோ கடைத்தெருவில் கினுயோ நடத்திவந்த காபிக் கடையில், 1979 மார்ச்சில் ஒரு மத்தியானம், ஆட்ட மேசைக்குள் இருந்த பூச்சி உருவங்கள் கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்து கூரைக்கடியில் வரிசைகட்டின. அந்த வருடம் ஊரின் காபிக் கடைகளிலெல்லாம் அத்தகைய மேசைகள்தாம். காசு போட்டால் கண்ணாடிக்கடியில் திரை ஒளிரும். மேலிருந்து இறங்கும் உருவங்களைக் கீழே இருக்கும் பீரங்கியால் சுட வேண்டும். வெளியே வந்தவையும் அந்த ஒழுங்கை விடவில்லை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை போயின, சுவரைத் தொட்டதும் ஒரு சாண் இறங்கின. முதலில் கடிகாரத்தின் மேல் பட்டன. கரும்பலகையைத் துடைத்ததுபோல் கடிகாரம் இல்லாமல் போனது. பிறகு விளக்குகள் போயின. பிறகு மீன்கடை ஹோண்டானியின் தொப்பி.

பீரங்கி மட்டும் மேசைக்குள்ளேயே இருந்தது. அதால் சுட்டால் மேலே ஒன்று மறைந்தது. ஆனால் அங்கிருந்த யாருக்கும் குறி வாய்க்கவில்லை. ஆட்கள் மேசைகளுக்கடியில் படுத்தார்கள். கினுயோவுக்குப் போக வேறு இடமில்லை. மணவிலக்கில் அவளுக்கு மிஞ்சியது அந்தக் கடையும் மாடியறையும்தான். எதிரே தன் டாக்சிக்குள் இருந்த ஓட்டுநர் சகாகுச்சியிடம் ஓடினாள். அந்த ஆட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆட்டக் கோபத்தில் மேசையைக் குத்திக் கோப்பைகளை உடைத்ததற்காக முந்தின நாள்தான் அவனைத் துரத்தியிருந்தாள்.

"நேத்துதானே இந்தப் பக்கம் தலை காட்டாதேன்னீங்க, முதலாளியம்மா?"

"சொன்னேன். இப்ப கூப்பிடுறேன். வர்றியா, இல்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இங்கயே இருக்கியா?"

அவன் குனிந்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தான். வரிசை அதற்குள் தோளளவுக்கு வந்திருந்தது. அவன் சுடச்சுட உருவங்கள் குறைந்தன. குறையக் குறைய மிச்சமிருந்தவை வேகம் பிடித்தன.

"சீக்கிரம் முடிடா. தொப்பி போச்சு, அடுத்து தலைதான்" என்றார் ஹோண்டானி, மேசைக்கடியிலிருந்து.

"உங்க தலைய அது சீந்தாது. பேசாம இருங்க" என்றான் சகாகுச்சி.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. முழங்கால் உயரத்தில் சுவருக்குச் சுவர் பாய்ந்தது. சகாகுச்சியின் விரல் வியர்வையில் வழுக்கியது. கினுயோ ஈரத்துண்டால் அவன் கையைத் துடைத்துவிட்டாள். அவன் சுட்டான். குறி தவறியது. உருவம் தரையைத் தொட்டது.

தரை இல்லாமல் போனது, அந்த உருவமும் அதோடு போனது. கீழே ஆழம் தெரியாத இருட்டு. மேசைகள் நின்ற இடத்திலேயே நின்றன, படுத்தவர்கள் படுத்தபடியே கிடந்தார்கள். யாரும் விழவில்லை. பிறகு கினுயோ அந்த இருட்டின் மேல் ஒரு காலை எடுத்து வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள்.

"காபி ஆறியிருக்கும். வேற போடுறேன்" என்றாள்.

அடுத்த வருடம் அந்த ஆட்டத்தின் மோகம் அடங்கி, மேசைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சகாகுச்சியை அவள் அதன் பிறகு துரத்தவில்லை. தரை திரும்பி வரவில்லை. புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று கீழே பார்ப்பார்கள். "செருப்பைக் கழட்ட வேணாம், அப்படியே வாங்க" என்பாள் கினுயோ. அவர்களும் நடந்து வந்து உட்கார்ந்து, என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பார்கள்.