தம்பியின் இடது கன்னம்

அக்கா மடிக்கணினியைத் தம்பி பக்கம் திருப்பி வைத்தாள். "கேமராவைப் பார்த்து உன் பேரையும் படிப்பையும் சொல்லு. உண்மையை மட்டும் சொல்லணும். அதான் சோதனை."

"உண்மை சொல்றதுக்கா இவ்வளவு பெரிய லேப்?" என்றபடி அமர்ந்தான் தம்பி. வேலை தேடிக்கொண்டிருப்பவன். அவள் மறந்துவிட்டு வந்த சாவியைக் கொடுக்க வந்து மாட்டிக்கொண்டான்.

பேசுகிறவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தை வைத்தே சொல்லும் மென்பொருள் அது. அது வேலை செய்வதைப் பார்க்க அழகாக இருக்கும். முகம் முழுக்கப் புள்ளிகளைத் தூவி, எந்தப் புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணினி கவனிக்கும். பொய் சொல்லச் சொல்லிப் படம்பிடித்த மாணவர்களில் பலருக்கு வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. அதைக் கணினி தானாகவே கண்டுபிடித்த அன்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாளை ஒரு நிறுவனத்தார் வருகிறார்கள். பிடித்துப்போனால், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களை இதை வைத்தே வடிகட்டுவார்கள். அவளுடைய முனைவர் பட்டமும் கைக்கு வந்த மாதிரிதான்.

தம்பி பேசி முடித்தான். திரையில் சிவப்பாக விழுந்தது: பொய்.

"அடப்பாவி, என் பேருமா பொய்?"

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. பள்ளி நாட்களில் முகத்து நரம்பு வீங்கியதிலிருந்து அவனுடைய இடது கன்னம் அசைவதில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதில், அது கோணல் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பதிவை மூக்கின் நடுவே இரண்டாக வெட்டினாள். வலது பாதியைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி இடப்பக்கம் ஒட்டினாள். பேச்சு அதேதான். இப்போது பச்சை: உண்மை.

தம்பி கிட்டே வந்து பார்த்தான். "ஆள் நல்லாத்தான் இருக்கான். யாருக்கா இவன்?"

"நீதான்டா."

"நானில்ல. இவனுக்கு வேலை கிடைக்கும்." விளையாட்டாகத்தான் சொன்னான். வலது ஓரம் மட்டும் சிரித்தது.

அக்கா பேராசிரியரை போனில் அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"இதுக்கா பதறுறே? அவனை மாதிரி கொஞ்சம் பேர் முகத்தையும் சேர்த்துக் கணினியைப் பழக்கினா சரியாயிடும்மா."

"இவனை விட்டுடும் சார். அடுத்து யாரைப் பிடிக்கும்? பொய்க்குன்னு ஒரு முகம் இருக்குன்னே நாம இன்னும் நிரூபிக்கலையே. நாளைக்கு அதைத்தான் காட்டப்போறேன்."

"பட்டம் தள்ளிப்போகும்."

"தெரியும் சார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "உன் வீடியோ ரெண்டையும் அவங்களுக்குப் போட்டுக் காட்டட்டுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லிடு."

தம்பி சாவியை அவள் மேசையில் வைத்தான். "காட்டு. ஆனா என்னோடதை முதல்ல போடு."