பாஷ்கோவின் பெயரை இழுத்துப் பாடிய ஊர்

எங்கள் ஊரில் எந்த அணியும் தங்காது. பேஸ்பால் அணி வந்தது. கொசுக்கடி தாங்காமல் கூட்டம் ஓடியது, பின்னாலேயே அணியும் ஓடியது. கால்பந்து அணியைப் பக்கத்து நகரத்தோடு சேர்த்தார்கள், பெயரில் பாதியைக்கூட எங்களுக்கு விட்டுவைக்கவில்லை. ஆனால் ஐஸ் ஹாக்கி அணியான ரிவர்மென் போனதைத்தான் ஊர் சாவு வீடு போல அழுது தீர்த்தது. முதலாளி அதைத் தெற்கே, பனிக்கட்டியைப் பிரிட்ஜில் மட்டுமே பார்த்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனான். எங்கள் ஆட்கள் அவனையா திட்டினார்கள்? கோல்கீப்பர் வெண்டல் பாஷ்கோ கோலாக விட்டதால்தான் அணி போனதென்று அவரைத் திட்டினார்கள்.

எதிரணி கோல்கீப்பர் கோல் விட்டால், அவன் பெயரை அரங்கமே சேர்ந்து இழுத்து இழுத்துப் பாடும். அது எங்கள் ஊர் வாய்க்கொழுப்பு. ரிவர்மென்னின் கடைசி ஆட்டத்தில் சொந்தக் கோல்கீப்பருக்கே பாடினார்கள். ஒவ்வொரு கோலுக்கும், "பாஆஆஷ்... கோஓஓ..." நான் அப்போது கைக்குழந்தை. அதன்பின் அந்த மனிதர் அரங்கத்துப் படியை மிதிக்கவில்லை. ஊரை விட்டும் போகவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டினார்.

இந்த இலையுதிர் காலத்தில் ஊருக்குப் புது ஹாக்கி அணி வந்தது. முதல் ஆட்டத்தின் விழாவும் மைக்கும் என் பொறுப்பு. ஆட்டத்தைத் தொடங்கிவைக்க, பந்துக்குப் பதிலாக இருக்கும் கறுப்பு வட்டைப் பாஷ்கோதான் பனிமேல் போட வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். அவர் வீட்டுக்கும் போனேன்.

"என்னை எதுக்கு லோர்னா கூப்பிடுற? ஊரைக் கெடுத்தவன்னு போர்டு மாட்டவா?"

"யாரும் அப்படி நெனைக்கல வெண்டல். உங்க படத்தைப் பெருசாப் போட்டு வாசல்லயே மாட்டியிருக்கோம்."

"பாட மாட்டாங்கல்ல?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மாட்டாங்க. நான் பொறுப்பு."

அவர் மகள் டெனிஸ் காபியை வைத்துவிட்டு, "போங்கப்பா. உங்களைப் பனிமேல நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல," என்றாள். அதற்காகத்தான் வந்தார்.

பழைய ரிவர்மென் சட்டை அவர் வயிற்றில் இறுக்கிப் பிடித்திருந்தது. நான் பெயரை அறிவித்ததும் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. பனிமேல் விரித்த கம்பளத்தில் பூனை மாதிரி அடியெடுத்து நடந்தார். பாதி தூரம் போனதும் தலை நிமிர்ந்தது, கொஞ்சம் சிரித்தார்கூட.

அப்போது மேல் வரிசையிலிருந்து ஒரு குரல். "பாஆஆஷ்..." அரங்கமே சேர்ந்துகொண்டது. "கோஓஓ..."

கேலி இல்லை, சத்தியமாக இல்லை. பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு கோல்கீப்பரைக் கூப்பிட எங்களுக்கு வேறு ராகம் தெரியாது, அவ்வளவுதான். பாஷ்கோ நின்றுவிட்டார். முழங்கால் லேசாக மடிந்தது. கோல் முன்னால் நிற்கிறவன் போல இரண்டு கைகளும் விரிந்தன.

வாயை மூடுங்கடா மடையங்களா என்று மனதுக்குள் கத்தினேன். அப்போதுதான் கூரை ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் எல்லாரையும் மிஞ்சிக்கொண்டு பாடுவது கேட்டது. என் குரல். மைக் என் கையில்தான் இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் பாடிக்கொண்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் நடுவில் போய் வட்டைப் போட்டார். கடமை தவறாத மனிதர். பிறகு நேராக நான் நின்ற பனித்தள ஓரத்துக்கு வந்தார். அவருடைய கோட்டை வைத்துக்கொண்டு டெனிஸ் என் பக்கத்தில் நின்றிருந்தாள். என் முகத்தையே பார்க்கவில்லை.

"வெண்டல், நான் வேணும்னு..."

கையுறையைக் கழற்றிவிட்டு வலது கையை நீட்டினார். ஒரு தொடர் முடிந்ததும் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் வரிசையாகக் கை குலுக்குவார்களே, அப்படி.

"நல்லா ஆடுனீங்க," என்றார்.

கையைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவர் என்னைத் தாண்டி, டிக்கெட் கிழிக்கும் பையனிடமும், பனியைச் சமன் செய்யும் வண்டிக்காரரிடமும், வாசல் வரை நின்ற ஒவ்வொருவரிடமும் அதே கையை நீட்டிக்கொண்டே போனார். "நல்லா ஆடுனீங்க. நல்லா ஆடுனீங்க."