ஐந்துக்கு மூன்று

சுற்றறிக்கை ஒரே பக்கம்தான். படித்து முடிப்பதற்குள் சங்கேதச் செய்திப் பிரிவில் பதின்மூன்று பேருக்கும் நாக்கு வறண்டது.

'எல்லைக்குக் காவல் இருக்கிறது. எல்லையைக் காக்கும் மூளைக்குக் காவல் இல்லை. ஆகவே இப்பிரிவில் அனைவருக்கும் ஞாபகப் பரிசோதனை. தேறாதவர் தபால் பிரிவுக்கு மாற்றப்படுவார்.'

அதிகமாக வெலவெலத்தவர் பூட்டு. இருபத்தாறு வருடங்களில் ஒரு ரகசியத்தையும் வெளியே விடாததால் வந்த பட்டப்பெயர் அது. சமீப காலமாகப் பூட்டு கொஞ்சம் லொடலொட. போன ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வந்து மதியம் வரை வேலை பார்த்துவிட்டு, "ஒருத்தனும் வரலையே, இந்த நாடு எப்படிய்யா உருப்படும்?" என்று காவலாளியிடம் எகிறியிருந்தார்.

பரிசோதனை சுலபம். டாக்டரம்மா ஐந்து சொற்களைச் சொல்வார். ஐந்து நிமிடம் வேறு பேச்சு. பிறகு அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் ஆளாகப் போனவர் இயக்குநர். பத்தாவது நிமிடம் கேன்டீனில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"அஞ்சுக்கு அஞ்சு! யானை, குடை, எலுமிச்சை, ரயில், செருப்பு. தலைகீழாவும் சொல்லட்டுமா? செருப்பு, ரயில்..."

ஏவுகணை ரகசியங்களைக் கட்டிக்காக்கும் ஆபீஸ் அது. மத்தியானத்துக்குள் டீ ஊற்றுபவருக்கும் ஐந்து சொற்களும் அத்துப்படி.

டைப்பிஸ்ட் நேராகப் பூட்டின் வீட்டுக்கே போன் போட்டார். "அண்ணி, எழுதிக்குங்க. அண்ணனைக் காப்பாத்துறது இனி உங்க பொறுப்பு."

சாயங்காலம் வீட்டில் பயிற்சி.

"சொல்லுங்க."

"யானை, குடை... கத்திரிக்காய்."

"எலுமிச்சைங்க! எத்தனை தடவை? பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்கா?"

"அது ரகசியம்."

மனைவி கரண்டியைத் தேடினாள்.

மறுநாள் கடைசி ஆள் பூட்டு. கதவைத் தள்ளிய நொடியில் ஐந்தும் ஆவியாகிவிட்டன. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். 'தபால் பிரிவுதான். முத்திரை குத்தியே ரிட்டயர் ஆகுற வரைக்கும் மூணு வருஷத்தை ஓட்டணும்.'

"மேஜை, ஆந்தை, கயிறு, பால், ஜன்னல்" என்றார் டாக்டரம்மா.

நேற்று உருப்போட்டது இதைத்தான் என்று நினைத்துப் பூட்டு நிம்மதியானார்.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"ராத்திரி ஷிப்டும் எனக்குத்தாம்மா. ஆள் இல்லைன்னு இயக்குநர் போட்டுட்டார். எட்டு மாசமாச்சு."

"அப்ப எப்பதான் தூங்குவீங்க?"

"மீட்டிங்ல."

ஐந்து நிமிடம் முடிந்தது.

"ஆந்தை... பால்... ஜன்னல்." பூட்டு நெற்றியைத் தட்டிப் பார்த்தார். வேறெதுவும் விழவில்லை. "மீதி ரெண்டும் போச்சும்மா. தபால் பிரிவு எந்த மாடி?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நேத்து மூணாவதா வந்தவர், நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே யானைன்னார். உடனே சொற்களை மாத்திட்டேன். அடுத்து வந்த ஒன்பது பேரும், நான் ஆந்தைன்னா அவங்க யானைங்கறாங்க! காதுல விழுந்ததைச் சொன்ன ஆள் நீங்கதான்."

"பொய் சொல்ல மாட்டேம்மா. எனக்கும் யானையைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. மறந்துட்டேன்."

"தெரியுது. இப்போதைக்கு உங்களுக்குக் குறைச்சல் தூக்கம்தான். தபால் பிரிவெல்லாம் வேண்டாம், உங்க நாற்காலியை விட்டு நகராதீங்க. தினம் எட்டு மணி நேரம் தூங்கணும், இது உத்தரவு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

"ராத்திரி ஷிப்ட்?"

"அஞ்சுக்கு அஞ்சு வாங்கினவர் பார்க்கட்டும். அவருக்குத்தான் மூளை பளிச்சுன்னு இருக்கே."

உத்தரவு இயக்குநரின் மேஜைக்குப் போன இரண்டாவது நிமிடம் கதவு படாரென்று திறந்தது.

"யாரைக் கேட்டு எனக்கு ராத்திரி ஷிப்ட்—"

டாக்டரம்மா உதட்டில் விரல் வைத்தார். நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பூட்டு மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதீங்க சார். தேசப் பாதுகாப்பு வேலை நடந்துக்கிட்டிருக்கு."