சருகுப் புகை

பரம்பரையாக வந்ததா என்று பார்க்க ரத்தம் எடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் எனக்கும் என் வீட்டுக்காரர் மஞ்சுநாத்துக்கும் ஒரே சண்டை. எங்கள் பெண் சுப்ரியாவுக்கு இந்த வீசிங் யார் வழியில் வந்தது என்றுதான்.

"உங்கப்பாவுக்கு இழுப்பு இருந்துச்சில்ல" என்பார் அவர்.

"உங்க அத்தை மட்டும் என்ன, ஓட்டப்பந்தயமா ஓடுச்சு?" என்பேன் நான்.

டாக்டர் நிருபமா ரிப்போர்ட்டைப் பிரித்தார். "உள்ள போற புகையோட விஷத்தை முறிக்கறதுக்கு உடம்புல ஒரு என்சைம் இருக்கும்மா. அதைச் செய்யற ஜீன் இவளுக்கு இல்ல. அப்பா கிட்டேருந்தும் வரல, அம்மா கிட்டேருந்தும் வரல."

"சரி மேடம், அதுக்கு மருந்து?"

"ஜீனுக்கு மருந்து இல்ல. இன்ஹேலர் பம்ப்பை விடாம போடுங்க. புகை பக்கமே விடாதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைச் சொல்லவா மூன்று மாதம்? "எங்க வீட்ல ஏது மேடம் புகை? கேஸ் அடுப்பு. இவரு பீடி தொடமாட்டாரு. ஊதுபத்தியைக்கூட நிறுத்திட்டேன்."

ஏழு வயது சுப்ரியா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா மேலதான் புகை வாசனை வரும்."

நான் ஸ்ரீராம்புரத்தில் தெருக் கூட்டுகிறவள். எட்டு வருஷமாகக் காலையில் கூட்டிய சருகைப் பள்ளிக்கூட முனையில் குவித்துக் கொளுத்துகிறேன். குப்பை வண்டி வராவிட்டால் கொளுத்து என்பது மேஸ்திரி முனியப்பன் உத்தரவு. வண்டி என்றைக்கு நேரத்துக்கு வந்தது? அதே புடவையோடு வீட்டுக்கு ஓடி, அவளை வாரி அணைத்து, தலை பின்னி, அந்த முனை வழியாகவே பள்ளிக்கூடத்தில் விட்டு வந்திருக்கிறேன். ச்சே, நானும் ஒரு தாயா!

மறுநாளும் வண்டி வரவில்லை. மேஸ்திரிதான் வந்தார்.

"ஏன் விஜி சும்மா நிக்கற? பேக, பேக! சீக்கிரம் கொளுத்து, பெரிய சாகேப் பார்வையிட வர்றாரு."

"மாட்டேன்."

"தோ பாரு, ஆப்சென்ட் போட்டுடுவேன்."

"போட்டுக்க."

மேஸ்திரியே குச்சியைக் கிழித்துப் போட்டார். புகை எழும்பிப் பள்ளிக்கூட ஜன்னல் பக்கம் திரும்பியது. டீக்கடை வாசலில் இருந்த பக்கெட்டைத் தூக்கி வந்து குவியல் மேல் கவிழ்த்தேன். நெருப்பு அணைந்தது, புகைதான் இன்னும் அதிகமாக வந்தது. மேஸ்திரி கத்திக்கொண்டே நோட்டில் ஆப்சென்ட் போட்டார்.

அந்த நேரம் பார்த்து மஞ்சுநாத் சுப்ரியாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள்.

"கிட்ட வராதே!" என்று கத்தினேன். "வராதேடி, போ!"

அவள் அப்படியே நின்றாள். பிறகு அழுதுகொண்டே அப்பாவிடம் திரும்பிப் போனாள்.